நிரந்தரமாக மூடப்பட்ட கடையில் ஒரு காப்பி

ஒரு கடை செத்துப்போய்விட்டதாக எனக்குத் தகவல் வந்தது. தகவல் வந்தபோது நான் அந்தக் கடைக்குள்தான் நின்றுகொண்டிருந்தேன்.

சொன்னது என் தோழி வசந்தா. சென்னையிலிருந்து குடும்பத்தோடு காரில் ஏற்காட்டுக்கு வந்திருந்தாள். கொண்டை ஊசி வளைவுகளை எல்லாம் தாண்டி, ஏரிப் பக்கம் காரை நிறுத்தியதும் எனக்கு போன் போட்டாள்.

“ஏய், வாரா வாரம் ஒரு காப்பிப் பொடிக் கடையைப் பத்திப் பீத்திக்குவியே... அது போயிடுச்சாமே?”

“எங்கே போயிடுச்சு?”

“மேப்ல சிவப்பு எழுத்துல போட்டிருக்கே. நிரந்தரமாக மூடப்பட்டதுன்னு. அதான் வழியில வேற கடையில வாங்கிட்டோம்.”

நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு எதிரே கடை முதலாளி ரஹமத் பாய், அப்போதுதான் வறுத்த காப்பிக் கொட்டை ஒன்றை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தார். பின்னால் அரவை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தெருமுனை வரைக்கும் வாசனை. போய்ச் சேர்ந்த கடை மாதிரி தெரியவில்லை.

நான் ஏற்காட்டில் குடியேறிச் சில வருடங்கள் ஆகின்றன. வாரத்துக்கு ஒரு தடவையாவது பாய் கடைக்குப் போய்விடுவேன். கடையில் பெரிய அலங்காரம் ஒன்றும் கிடையாது. காப்பிக் கொட்டை, மிளகு, ஏலக்காய், தைலம்... அவ்வளவுதான். கண் முன்னால் வறுத்து, கண் முன்னால் அரைத்துக் கொடுப்பார். ஒவ்வொரு வறுவலிலும் ஒரு கொட்டையை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். தான் கடித்துப் பார்க்காததை யாருக்கும் அரைத்துத் தர மாட்டார். அவருடைய அத்தா, அதாவது அப்பா, காலத்திலிருந்து வருகிற வழக்கமாம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இதற்கு நடுவே கொஞ்சம் சொந்தக் கதை.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தேடல் வசதிகள், வேலையைச் சுலபமாக்கும் ஆப்கள் பற்றி இந்தப் பக்கத்தில் நான் எழுத ஆரம்பித்ததிலிருந்து உங்களிடமிருந்து மெயில்கள் குவிகின்றன. பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான். ‘எந்த ஆப்பைக் காசு கொடுத்து வாங்கினால் என் வாழ்க்கை ஒழுங்காகும்?’

எதுவும் வாங்காதீர்கள். போனில் ஏற்கெனவே இருப்பதையே நாம் முழுசாகத் தொட்டுப் பார்த்ததில்லை. தேடல் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். குப்பனூர் வழியாக ஏற்காடு வரும் பஸ் நேரம் வேண்டும் என்று தேடினால் என்ன வருகிறது? ரிசார்ட். அதற்குக் கீழே இன்னொரு ரிசார்ட். நீச்சல் குளத்தோடு. ரிசார்ட் என்ற வார்த்தைக்கு முன்னால் ஒட்டினாற்போல ஒரு கழித்தல் குறி போட்டுத் தேடிப் பாருங்கள், பெரும்பாலானவை எழுந்து போய்விடும். நாலு வார்த்தையும் சேர்ந்தாற்போல அப்படியே வர வேண்டுமா? மேற்கோள் குறிக்குள் போடுங்கள். போன ஒரு வருடத்துக்குள் எழுதப்பட்டது மட்டும் போதுமா? அதற்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. இல்லாவிட்டால், எப்போதோ நின்றுபோன பஸ்ஸுக்கு இப்போது குடையோடு காத்திருப்பீர்கள். நான் காத்திருந்திருக்கிறேன்.

இன்னொன்று. நம் போனுக்கு நம்மைத் தெரியும். நமக்குப் பிடித்ததைத்தான் முன்னால் எடுத்து வைக்கும். முன்பின் தெரியாத ஒருவர் தேடினால் என்ன தெரியும் என்று பார்க்க, ரகசிய ஜன்னல் என்று ஒன்று இருக்கிறது. பிரவுசரின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் வரும். அதைத் திறந்து உங்கள் ஊரை, உங்கள் தெருவை, உங்கள் தொழிலைத் தேடிப் பாருங்கள் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

பாய் கடையை மட்டும் தேடிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்ற வேண்டும்? கண்ணைக் கட்டி விட்டாலும் போய்விடுவேனே. தெரிந்தவர்கள் தேடுவதில்லை. தேடுகிறவர்களுக்குத் தெரிவதில்லை. இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

சரி, கடைக்கு வருவோம்.

வசந்தா சொன்னதை பாயிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் இருந்தது. அதற்குச் சில நாட்கள் முன்னால்தான் அவர் என்னிடம் வேறொன்று சொல்லியிருந்தார்.

“இந்த சீசனோட முடிச்சுக்கலாம்னு இருக்கேனுங்கக்கா.”

“எதை?”

“கடையத்தானுங்க. கட்டடத்துக்காரருகிட்ட சொல்லிட்டேன். கண்ணாடி போட்ட ஐஸ்கிரீம் கடை வைக்கறதுக்கு ஒருத்தரு கேட்டுக்கிட்டு இருக்காராம். சித்திரை முடிஞ்சதும் அவருகிட்ட அட்வான்ஸ் வாங்கிக்கறேன்னாரு. எங்க மச்சான் சேலத்துல ஜவுளிக்கடை வெச்சிருக்காருல்லீங்க... வந்து கல்லாவுல உக்காருங்கறாரு.”

போன வருடம் மே மாதத்திலிருந்தே வியாபாரம் படுத்துவிட்டதாம். ஊருக்குள் கூட்டம் குறையவில்லை. கார் மேல் கார் போகிறது, ஆனால் ஒன்றும் நிற்பதில்லை. வருவது எல்லாம் என்னைப் போன்ற உள்ளூர் ஆட்கள். உள்ளூர் ஆட்கள் குடிக்கிற காப்பிக்கு அவ்வளவு பெரிய மிஷின் எதற்கு?

காரணத்தை அவர் பல இடங்களில் தேடியிருந்தார். புதுக்கடைகளின் சீரியல் லைட்டில், சாக்லேட்டில், பாக்கெட் பொடியில். கடைசியில் அவர் வந்து சேர்ந்த இடம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“எனக்கு நாக்கு செத்துப்போச்சோன்னு நெனைக்கறேனுங்க. வறுவல் பதம் தப்புது போல இருக்கு. நமக்குத் தெரியாது, குடிக்கறவங்களுக்குத் தெரியுமில்லீங்களா? அதான் ஒரு தடவ வந்தவங்க மறுக்கா வரதில்ல.”

அதைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வாரம் பொடி கொடுக்கும்போது, “ஊட்டுல போட்டுக் குடிச்சுப் பாத்துட்டு, கசப்பு தூக்கலா இருந்தா சொல்லுங்க” என்றார். அத்தனை வருடத்தில் ஒருநாளும் அப்படிக் கேட்டவர் இல்லை. காப்பி எப்போதும் போலத்தான் இருந்தது. அப்படியே சொன்னேன். மரியாதைக்குச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்.

அவர் மனைவி மும்தாஜ் இந்தத் திட்டத்துக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. “சேலத்து வெய்யில்ல போயி என்னைய வேகச் சொல்றாருங்க. ஜவுளிக்கடைக் கல்லாவுல இவரு எதைக் கடிச்சுப் பாப்பாரு, வேட்டியவா?” என்று என்னிடம் கேட்டார்.

ஆக, அன்றைக்கு வசந்தாவின் போன் வந்ததும் முதலில் நான் செய்தது, கடைக்கு வெளியே போய் ரகசிய ஜன்னலைத் திறந்ததுதான். ‘ஏற்காடு காப்பிப் பொடி’ என்று தேடினேன். வரிசையாகக் கடைகள் வந்தன. சாக்லேட் கடை வந்தது, கேக் கடை வந்தது, காப்பியே விற்காத ஒரு ஓட்டல் வந்தது. பாய் கடை வரவில்லை. கடைப் பெயரை முழுசாகப் போட்டுத் தேடிய பிறகுதான் எட்டிப் பார்த்தது, சிவப்பு எழுத்தோடு.

உள்ளே போய் போனை அவரிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“நிரந்தரமான்னா?”

“இனிமே எப்பவுமேன்னு அர்த்தம் பாய்.”

மறுபடியும் படித்தார். திரும்பிக் கடையை ஒருமுறை பார்த்தார்.

“மிஷின் ஓடுதுங்களே அக்கா” என்றார்.

அப்போது கடையில் இன்னொருவரும் இருந்தார். வாழவந்தியிலிருந்து வரும் வெள்ளையன். சொந்தத் தோட்டம். பைக்கின் பின்னால் மிளகு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து பாய் கடையில்தான் போடுவார். பாய் போய்விட்டால் அவர் மூட்டையோடு சேலம் மண்டி வரைக்கும் இறங்க வேண்டும். அதனால் பாயைவிட அவருக்குத்தான் கோபம் அதிகமாக வந்தது.

“ஏனுங்கம்மா, இத யாரு போட்டது?”

“யார் வேணும்னாலும் சொல்லலாம் வெள்ளையன். நாலு பேர் சேர்ந்து மூடிட்டாங்கன்னு சொன்னா, மேப் நம்பிடும்.”

“அப்ப இது அந்த ஐஸ்கிரீம்காரன் வேலைதானுங்க. கடை வேணும்னு காயை நகர்த்தியிருக்கான். நான் போயி ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வரட்டுங்களா?”

வேண்டாம் என்று அவரை உட்கார வைப்பதற்குள் பெரும்பாடாகிவிட்டது.

யார் என்பது இருக்கட்டும், எப்போது என்று பார்க்கலாமே? கடைக்கு வந்த விமர்சனங்களைத் திறந்தேன். இவை பொதுவாகத் தலைகால் இல்லாமல் கலந்து கிடக்கும். ‘புதியவை முதலில்’ என்று ஒரு வசதி உண்டு, அதைத் தொட்டால் வரிசை கட்டி நிற்கும். பழையதெல்லாம் அருமை, பிரமாதம், மீண்டும் வருவோம். கடைசியாக வந்தது போன வருடம் மார்ச்சில். யாரோ ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, இறக்கிவிட்ட ஷட்டரைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். ‘இவ்வளவு தூரம் வந்தோம். மத்தியானத்தில் பூட்டிக் கிடக்கிறது. முதலாளி ஊரைவிட்டுப் போய்விட்டார் போல.’

“போன வருஷம் மார்ச்ல எங்கே போனீங்க பாய்?”

யோசித்தார். “எங்கியும் போவலியே... அது நோன்பு மாசமுங்க.”

இப்போது, முன்னால் ஞாபகத்தில் வைக்கச் சொன்ன விஷயத்தை வெளியே எடுங்கள்.

நோன்பு இருக்கும்போது பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. கொட்டையைக் கடித்துப் பார்ப்பது எப்படி? கடித்துப் பார்க்காமல் பொடி தர அவருக்கு மனசு வராது. அதனால் அந்த மாதம் பகலில் கடை கிடையாது. சாயங்காலம் நோன்பு திறந்து, மஃரிப் தொழுகை முடித்து வந்துதான் ஷட்டரைத் தூக்குவார். அவருடைய அத்தாவும் அப்படித்தான். உள்ளூரில் இது எல்லோருக்கும் தெரியும். ராத்திரி ஷால் போர்த்திக்கொண்டு வந்து பொடி வாங்கிப் போவோம். சுற்றுலா வருகிறவர்களோ, பொழுது சாய்வதற்குள் மலையைவிட்டு இறங்கப் பார்ப்பவர்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பூட்டிய ஷட்டர்தான்.

“ஒருத்தர் சொன்னதுக்கா கடைய மூடிருச்சு?” என்றார் வெள்ளையன். நியாயமான கேள்வி. ஒருவர் சொல்லி இது நடக்காது. யாரோ அதை ஆமாம் ஆமாம் என்று உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். ஐஸ்கிரீம்காரர் மேல் எனக்கும் லேசாகச் சந்தேகம் வந்தது என்பதை மறைப்பானேன்?

சரி, செத்த கடையை எழுப்புவது எப்படி? அதுவும் இலவசம்தான், ஆனால் பொறுமை வேண்டும். இது என் கடை, நான்தான் முதலாளி என்று பாய் அந்த மேப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். அது ஒரு வீடியோ கேட்டது. வெட்டாமல், ஒட்டாமல், ஒரே மூச்சில். தெரு தெரிய வேண்டும், போர்டு தெரிய வேண்டும், முதலாளி தன் கையால் பூட்டைத் திறப்பது தெரிய வேண்டும்.

“என் கடைய நான் திறக்கறத அதுகிட்டக் காட்டோணுமா?”

“ஆமாம் பாய்.”

“நல்லா இருக்குதுங்க” என்றார். அது பாராட்டு இல்லை.

மறுநாள் காலையில் படப்பிடிப்பு. வெள்ளையன்தான் கேமராமேன். பாய் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் நல்ல மழை. காப்பிச் செடிகள் பூப்பதற்காக மலை முழுக்கக் காத்திருந்த மழை. வெள்ளையனுக்கு ஏக சந்தோஷம். ஆனால் மழைக்கு அடுத்த நாள் ஏற்காட்டில் என்ன இருக்கும்? பனிமூட்டம். எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். ஆரம்பத்தில் வெள்ளை. நடுவில் வெள்ளை. கடைசியில் வெள்ளைக்குள்ளிருந்து ஷட்டர் தூக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பாயின் சட்டைகூட அவருக்கு உதவவில்லை. போகட்டும் என்று அதையே அனுப்பிவைத்தோம். மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த தடவை வெயில் வந்தது, போர்டு சதி செய்தது. அந்த போர்டு ஒரு குளிர்பானக் கம்பெனி சும்மா கொடுத்தது. முக்கால்வாசி இடத்தை பாட்டில் பிடித்துக்கொள்ள, கடைப் பெயர் ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தது. வீடியோவில் பார்த்தால் பாய் சோடாக் கடை திறப்பது போல இருந்தது. வெள்ளையன் போர்டுக்கு ரொம்பப் பக்கத்தில் போய் நின்று, பெயர் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்து, அப்படியே நடந்து தெருவுக்கு வந்து, பிறகு ஷட்டருக்குப் போனார். அவருக்கு வேறு தொழில் அமைந்திருக்கலாம்.

அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். சித்திரை பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. கட்டடத்துக்காரர் ஒருநாள் போன் செய்து, அளவெடுக்க ஆள் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறார். பாய் சரி என்று சொல்லிவிட்டார். டேப்போடு வந்த இளைஞர் ஒருவர், மிஷின் நின்ற இடத்தில் ஃப்ரீசர் வைக்கலாமா என்று பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு மும்தாஜ் கடைப் பக்கமே வரவில்லை.

“மேப்புல வந்தாலும் என்னங்க அக்கா?” என்றார் பாய். “பொடி நல்லா இருந்தாத்தான நிப்பாங்க.”

நாக்கு விஷயம் அவரை விடவே இல்லை.

மர்மம் உடைந்தது இந்தக் காத்திருப்பின்போதுதான். நானும் இருந்தேன், வெள்ளையனும் மூட்டையோடு வந்திருந்தார். பாயின் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தார், கண்ணாடியை மாட்டினார், கல்லாவைவிட்டு எழுந்தார். தெருவில் இறங்கி, பக்கத்தில் இருக்கும் பேக்கரியை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து போனில் ஒரு பட்டனைத் தொட்டார்.

“என்ன பாய் அது?”

“போன் கேக்குதுங்க. பேக்கரி திறந்திருக்கான்னு. அடிக்கடி இப்படி எதாச்சும் கேக்கும்.”

“அதுக்கு எதுக்கு எழுந்து போனீங்க?”

“நேர்ல பாக்காம எப்படீங்க சொல்றது?”

எனக்கு ஏதோ உறைத்தது. “உங்க கடையைப் பத்திக் கேட்குமா?”

“கேக்குமே. நோன்பு மாசத்துல விடாமக் கேட்டுச்சுங்க. நான் பகல்ல ஷட்டரை எறக்கி விட்டுட்டு, உள்ளாற உக்காந்து மிளகு பொடச்சுக்கிட்டிருப்பேன். இந்த இடம் திறந்திருக்கான்னு கேக்கும். இல்லைன்னு போடுவேன்.”

“ஒவ்வொரு தடவையுமா?”

“ஒரு நாளு இங்கிலீசுல என்னமோ நீளமாக் கேட்டுச்சு. மொதல்ல இருந்ததை அமுக்கினேன்.”

“பாய்... நிரந்தரமா மூடியாச்சான்னு அது கேட்டிருக்கும். உங்க கடையை நீங்களே மூடியிருக்கீங்க.”

அவருக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. புரிந்த பிறகும் அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி எதையும் காணோம்.

“கடை திறக்கலீங்களே. நோன்பு வெச்சுக்கிட்டுப் பொய் சொல்லலாமுங்களா?”

வெள்ளையன் மிளகு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இதில் இன்னொரு கொசுறும் உண்டு. பள்ளிவாசலில் நாலைந்து பேருக்கு இதே கேள்வி போனில் வந்திருக்கிறது. என்ன போடுவது என்று பாயிடமே கேட்டிருக்கிறார்கள். உள்ளதைச் சொல்லுங்க என்று பாய் சொல்லியிருக்கிறார். எல்லோரும் நோன்பாளிகள். உள்ளதைச் சொல்லிவிட்டார்கள். ஒரு தெருவே சேர்ந்து நேர்மையாக நடந்துகொண்டதில் ஒரு கடை காணாமல் போய்விட்டது. ஐஸ்கிரீம்காரர், பாவம், அவர் பாட்டுக்கு ஐஸ்கிரீமோடு இருந்திருக்கிறார்.

யோசித்துப் பார்த்தால் இதில் மிஷின் மேலும் தப்பில்லை, மனிதர்கள் மேலும் தப்பில்லை. அது கேட்டது ஆமாமா, இல்லையா என்று. பாயிடம் இருந்த பதிலோ ‘மஃரிபுக்கு அப்புறம் வாங்க.’ அந்தப் பதிலுக்கு அங்கே பட்டன் இல்லை.

இல்லை என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் இருக்கிறது. கடைக்காரருக்கான பக்கத்தில் மூன்று தட்டு உள்ளே போனால் ‘சிறப்பு நேரங்கள்’ என்று ஒன்று. குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் வேறு நேரம் போட்டுக்கொள்ளலாம். எப்போதிலிருந்தோ அங்கேதான் இருக்கிறது, இலவசமாக. மெயில் போடும் வாசகர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். நமக்கு வேண்டிய பட்டன் அநேகமாக எங்கேயோ இருக்கிறது. கேள்வி கேட்கும் இடத்தில்தான் இருப்பதில்லை.

பாய் கடை மீண்டது ஒரு வியாழக்கிழமை. சிவப்பு போய்ப் பச்சை வந்தது. முதல் வேலையாகச் சிறப்பு நேரத்தைப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். அடுத்த நோன்பு எந்தத் தேதியில் ஆரம்பம் என்று கேட்டேன்.

“பிறை பாத்துத்தானுங்க சொல்ல முடியும்.”

“காலண்டர்ல உத்தேசமா போட்டிருப்பாங்களே பாய்?”

“உத்தேசமா எப்படீங்க நோன்பு வெக்கறது?”

ஆமாம், எப்படி வைப்பது? கடைசியில் அவர் போன் காலண்டரில், நோன்புக்குக் கொஞ்சம் முன்னால் வருகிற மாதிரி ஒரு நினைவூட்டல் வைத்தேன். ‘பிறை தெரிந்ததும் நேரத்தை மாற்றவும்.’ உலகத்தின் அத்தனை ஆப்களும் சேர்ந்து செய்ய முடிந்தது அவ்வளவுதான். மிச்சத்தை வானம் பார்த்துக்கொள்ளும்.

மறுநாளே ஒரு கார் நின்றது. நான் அப்போது கடையில்தான் இருந்தேன் என்பது தற்செயல் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பம். மேப்பில் பார்த்து வந்ததாகச் சொன்னார்கள். பாய் வறுத்தார், கடித்தார், அரைத்தார், ஆளுக்கு ஒரு தம்ளர் காப்பியும் போட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பரீட்சை ரிசல்ட் பார்க்கிற பையன் மாதிரி நின்றார்.

“கசப்பு கிசப்பு... சரியா இருக்குங்களா?”

அந்த வீட்டு அம்மா பதில் சொல்லவில்லை. தம்ளரை நீட்டி, “இன்னொன்னு கெடைக்குங்களா?” என்றார்.

பாய் தம்ளரை வாங்கிக்கொண்டு மிஷின் பக்கம் திரும்பினார். திரும்பியவர் ஒரு கொட்டையை எடுத்து வாயில் போட்டு, நிதானமாகக் கடித்தார்.

அன்று சாயங்காலமே, கடையை விடுவதாக இல்லை என்று கட்டடத்துக்காரருக்குப் போன் போய்விட்டது. ஐஸ்கிரீம்காரருக்கு ரவுண்டானா பக்கம் வேறு இடம் கிடைத்துவிட்டதாம், இன்னும் பெரிய கண்ணாடி வைக்கலாமாம். மும்தாஜ் ஒரு தூக்கு நிறைய பிரியாணி கொடுத்துவிட்டார். அந்த ஒற்றை நட்சத்திர விமர்சனத்துக்குப் பாய் பதில் போட விரும்பினார். அவர் சொல்லச் சொல்ல போனே எழுதிக்கொள்ளும், அதுவும் இலவசம்தான். பேசினார். ‘மன்னிச்சுக்கங்க, அன்னிக்கு நோன்பு. மறுக்கா வாங்க, காப்பி நம்ம கணக்கு.’ வந்தால் பார்க்கலாம்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும்.

நேற்று மத்தியானம் கடைக்குப் போயிருந்தேன். லுஹர் தொழுகைக்குப் பாய் கிளம்பிக்கொண்டிருந்தார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, கையில் சாவி. அப்போது பார்த்து போன் டிங் என்றது. பார்த்தார். என்னிடம் காட்டினார். ‘இந்த இடம் இப்போது திறந்திருக்கிறதா?’

“என்னங்கக்கா போடறது?”

“ஆமாம்னு போடுங்க பாய். பட்ட பாடு போதும்.”

“மூடிக்கிட்டில்லீங்க இருக்கேன்?”

“தொழுதுட்டு வந்துடப் போறீங்க.”

“வருவேனுங்க. இப்ப மூடியில்ல இருக்கு?”

பட்டனுக்கு மேல் விரல் அப்படியே நின்றது. பள்ளிவாசலில் நேரமாகிக்கொண்டிருந்தது. ஒரு முடிவுக்கு வந்தவராகப் போனை என் கையில் கொடுத்தார். குனிந்து ஷட்டரைப் பிடித்து, கிறீச்சென்று மேலே வரைக்கும் தூக்கினார். உள்ளே போய் லைட்டைப் போட்டார். வெளியே வந்து போனை வாங்கி, ‘ஆமாம்’ என்பதைத் தொட்டார். பிறகு லைட்டை அணைத்தார், ஷட்டரை இறக்கினார், பூட்டினார், வேகமாக நடந்தார்.

அவர் தெருமுனையைத் தாண்டவில்லை, ஒரு கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கி, பூட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“மேடம், மேப்ல திறந்திருக்குன்னு காட்டுதே?”

“திறந்துதான் இருக்கு” என்றேன்.

நான் நோன்பு வைத்திருக்கவில்லையே!